எந்தத் தோட்டா? நெடுந்தூர எஃகு இலக்குச் சுடுதலும் நம் மண்ணும்

திருச்சி நவல்பட்டில் 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான ஆயுதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். இன்சாஸ் ரைஃபிள் 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடும். திருச்சி அசால்ட் ரைஃபிளுக்கு 7.62×39 மி.மீ. தோட்டா. வித்வன்சக் என்ற கனரகத் துப்பாக்கி 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுகளில் உருவானது. ஒரே தொழிற்சாலை, ஐந்து தோட்டாக்கள். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகப் பிறந்தது.

எந்த வேலைக்கு எந்தத் தோட்டா என்ற கேள்விக்கு நம் ராணுவமும் காலத்துக்குக் காலம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. 1962 போருக்குப் பிறகு .303 விடைபெற்று, 7.62×51 மி.மீ. சுடும் எஸ்.எல்.ஆர். வந்தது. 1990-களின் இறுதியில் இன்சாஸ் வழியே 5.56 மி.மீ. வந்தது. 2019-க்குப் பிறகு எல்லையில் நிற்பவர்களுக்கு சிக் 716 மூலம் 7.62×51 திரும்பியது, ஏ.கே. 203 மூலம் 7.62×39-உம் சேர்ந்தது. எல்லா வேலைக்கும் பொருந்தும் தோட்டா என ஒன்று இருந்திருந்தால் இத்தனை மாற்றம் தேவைப்பட்டிருக்காது.

விளையாட்டிலும் இதே கேள்விதான். நெடுந்தூரத்தில் தொங்கும் எஃகுத் தகட்டைச் சுட எது சிறந்த தோட்டா? அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் இது பெரிய விளையாட்டு. அங்குள்ளவர்கள் பெரும்பாலும் தோட்டாவின் வேகத்திலிருந்தும் எடையிலிருந்தும் பேச்சைத் தொடங்குகிறார்கள். நாம் தொடங்க வேண்டிய இடம் வேறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். முதலில் நிலம், அடுத்து சட்டம், பிறகு காற்று, அதன்பின் சுடுபவரின் தோள். தோட்டாவின் வலு கடைசியில்தான் வரவேண்டும்.

எஃகு என்ன கேட்கிறது

காகித இலக்கில் வளையங்கள் உண்டு. நடுவுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு புள்ளி. எஃகுத் தகட்டில் இரண்டே விடைகள்: பட்டது, படவில்லை. 900 மீட்டரில் தகட்டைச் சுட்டால், 7.62×51-இன் விளையாட்டு வடிவமான .308 குண்டு போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். தகட்டின் ஓசை திரும்பி வர இன்னும் இரண்டரை விநாடி. விசையை இழுத்த நொடியிலிருந்து காதில் விழும்வரை நான்கு விநாடிக்கும் மேல். அதற்குள் சுட்டவர் ஸ்கோப்பிலேயே தகட்டின் அசைவையோ, தவறிய குண்டு கிளப்பும் புழுதியையோ பார்த்திருக்க வேண்டும். அடுத்த குண்டுக்கான திருத்தம் அந்தப் பார்வையில்தான் கிடைக்கிறது.

ஆனால் எல்லா எஃகுப் போட்டியும் ஒன்றல்ல. மெக்சிகோவில் பிறந்த உலோக உருவச் சுடுதலில் 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் செம்மறிக்கடா என எஃகு உருவங்கள் நிற்கும். குண்டு பட்டால் போதாது, உருவம் சாய வேண்டும். 500 மீட்டரில் நிற்கும் கனமான கடாவைச் சாய்க்கக் குண்டுக்கு உந்தம் மிச்சமிருக்க வேண்டும். அதனால் அங்கே மிகச் சிறிய தோட்டாக்கள் எடுபடாது. சங்கிலியில் தொங்கும் தகட்டுக்கு அந்தத் தேவை கிடையாது. பட்டது கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்தால் போதும். தகடு சாய வேண்டுமா, ஒலித்தால் போதுமா என்பதைக் கேட்காமல் தோட்டாவைப் பற்றிப் பேச முடியாது.

காற்றுதான் கணக்கு

குண்டு எவ்வளவு தாழும் என்பது பெரிய சிக்கலே இல்லை. 100 மீட்டருக்குச் சரிசெய்த துப்பாக்கியில் .308 குண்டு 900 மீட்டரில் பத்து மீட்டர் அளவுக்குத் தாழும், போட்டிக்கென உருவான 6.5 கிரீட்மோர் எட்டு மீட்டர் அளவுக்கு. தூரம் சரியாகத் தெரிந்தால் இதைக் கணக்கிட்டு ஸ்கோப்பைத் திருகிவிடலாம். புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறாது. காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

காற்றைக் கிழித்துப் போகும் திறனைச் சுடுபவர்கள் பி.சி. என்று சொல்வார்கள். நீண்ட மெல்லிய மூக்கும், பருமனுக்கு ஏற்ற கூடுதல் எடையும் உள்ள குண்டுக்குப் பி.சி. அதிகம். அது வேகத்தை மெதுவாக இழக்கும். பக்கக் காற்று அதைக் குறைவாகத் தள்ளும். தோட்டாக்களுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரிகிறது.

ஒரு கணக்கை நெருங்கிப் பார்ப்போம். 900 மீட்டரில் 50 செ.மீ. அகலத் தகடு. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் நேர்ப்பக்கவாட்டுக் காற்று. 175 கிரெய்ன் எடையுள்ள .308 போட்டிக் குண்டை அது சுமார் 2.3 மீட்டர் தள்ளும். 140 கிரெய்ன் 6.5 கிரீட்மோர் குண்டைச் சுமார் 1.6 மீட்டர். சுடுபவர் காற்றின் வேகத்தை மணிக்கு 2 கி.மீ. தவறாக மதிப்பிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். .308 குண்டு நடுவிலிருந்து 29 செ.மீ. விலகும், தகட்டின் பாதி அகலம் 25 செ.மீ.தான், ஆகவே குண்டு தவறிவிடும். 6.5 குண்டு 20 செ.மீ. விலகும், ஓரத்திலாவது பட்டுவிடும். ஒரே ஆள், ஒரே பிழை, இரண்டு முடிவுகள். நல்ல தோட்டா என்பது இதுதான்: சுடுபவரின் சிறு பிழையை அது பொறுத்துக்கொள்ளும். பெரும் பிழையைப் பொறுக்கும் தோட்டா எதுவும் இல்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. குண்டு ஒலியைவிட வேகமாகப் போகும்வரை நிலையாக இருக்கும். ஒலியின் வேகத்துக்கு இறங்கும் இடத்தில் பல குண்டுகள் தடுமாறும். அதற்கப்பால் கணக்கு நம்பகமாக இராது. .308-க்கு அந்த இடம் பொதுவாக 900 முதல் 1000 மீட்டர். 6.5 கிரீட்மோர் 1200 மீட்டரைத் தாண்டும்.

தோட்டாக்களின் வரிசை

.22 லாங் ரைஃபிள்தான் எல்லோருக்கும் முதல் படி. 40 கிரெய்ன் குண்டு, அதாவது 2.6 கிராம். போட்டித் தோட்டாவின் வேகம் ஒலியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நெடுந்தூரம் என்றதும் இதைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. 200 மீட்டரில் .22 குண்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் தாழும். அந்தத் தூரத்தில் காற்று அதைத் தள்ளும் அளவு, .308 குண்டை 400 மீட்டரில் தள்ளும் அளவுக்கு ஏறத்தாழச் சமம். நெடுந்தூரச் சுடுதலின் பாடம் முழுவதையும் சிறிய நிலத்தில், சிறிய செலவில் .22 கற்றுத்தரும்.

.223 ரெமிங்டன் 1960-களில் வந்தது. உதைப்பு மிகக் குறைவு, குழல் நெடுநாள் உழைக்கும். கனமான 77 கிரெய்ன் குண்டோடு 500, 600 மீட்டர்வரை எஃகுக்கு நன்றாகப் பொருந்தும். அதற்கு மேல் காற்று இதை ஆட்டிப்படைக்கும். தூரத்தில் பட்டாலும் தகடு மெல்லவே அசையும் என்பதால் பட்டதா இல்லையா என்ற சந்தேகம் வரும்.

.308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. இதன் ராணுவ வடிவமே 7.62×51. உலகின் பெரும்பாலான நெடுந்தூர மரபுகள் இதைச் சுற்றியே வளர்ந்தன. 800, 900, 1000 கெஜத்தில் நடக்கும் பால்மா போட்டி 1876-இல் தொடங்கியது; இன்று அதில் பெரும்பாலும் .308 சுடுகிறார்கள். எஃப் கிளாஸ் போட்டியின் ஒரு பிரிவில் .223-உம் .308-உம் மட்டுமே அனுமதி. காற்றில் இது பின்தங்கும். ஆனால் இதில் பழகியவர் காற்றைப் படிக்கக் கற்றே தீருவார்.

6.5 கிரீட்மோரை ஹார்னடி நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்தியது. போட்டிக்கென்றே திட்டமிட்டு உருவாக்கிய தோட்டா இது. .308-ஐவிட உதைப்பு குறைவு, காற்றுத் தள்ளலும் குறைவு, கடையில் கிடைக்கும் தோட்டாவே போட்டித் தரத்தில் இருக்கும். இதன் மூதாதை என்று சொல்லத்தக்க ஸ்வீடனின் 6.5×55, 1890-களிலேயே வந்துவிட்டது. 6.5 மி.மீ. குண்டின் நீண்ட உடலில் உள்ள நன்மை புதிய கண்டுபிடிப்பு இல்லை. அந்த நன்மைக்கேற்பத் தோட்டாவின் கூட்டையும் துப்பாக்கியின் அறையையும் வடிவமைத்ததுதான் புதுமை.

6 மி.மீ. குடும்பத்தில் பி.ஆர்., டாஷர், ஜி.டி., 6 மி.மீ. கிரீட்மோர் எனப் பல உண்டு. அமெரிக்காவில் 2012-இல் தொடங்கிய பிரெசிஷன் ரைஃபிள் சீரிஸ் போட்டிகளில் முன்னணியினர் இவற்றையே விரும்புகிறார்கள். காரணம் வலு இல்லை. எட்டு, பத்து கிலோ எடையுள்ள துப்பாக்கியில் இந்தத் தோட்டா ஏறத்தாழ உதைப்பதே இல்லை; சுட்டவர் தம் குண்டு எங்கே விழுந்தது என்பதைத் தாமே ஸ்கோப்பில் பார்க்கிறார். ஆனால் பெரும்பாலோர் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேல் தட்டில் 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம், 1980-களில் உருவான .338 லாப்புவா மேக்னம் ஆகியவை. பின்னது 8.6×70 மி.மீ.; 250 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 900 மீட்டர் அளவில் அனுப்பும். 1200 மீட்டருக்கு அப்பால் எஃகு வைத்தால் இவற்றுக்கு வேலை உண்டு. அதற்குள் இவை செலவையும் தோள்வலியையும்தான் கூட்டும்.

உதைப்பும் குழலும்

உதைப்பைத் தைரியத்தின் அளவுகோலாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது இலக்குச் சுடுதலுக்குப் பகை. பலமாக உதைக்கும் துப்பாக்கியை எடுத்தவர், சில டஜன் குண்டுகளுக்குப் பிறகு விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடத் தொடங்குவார், தோளை முன்னே தள்ளுவார். அந்தப் பழக்கத்தை நீக்க மாதக்கணக்கில் ஆகும்.

குழலின் ஆயுளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். .308 குழல் 5,000 குண்டுகளைத் தாண்டியும் துல்லியமாக இருக்கும். 6.5 கிரீட்மோருக்கு 2,500 முதல் 3,000 வரை. வேகமான 6 மி.மீ. தோட்டாக்களுக்கும் .300 மேக்னத்துக்கும் 1,500 முதல் 2,000 வரைதான். சிறிய துளைக்குள் அதிக வெடிமருந்தை எரித்தால் குழலின் தொண்டை சீக்கிரம் தேயும். .22 குழலோ பல்லாயிரம் குண்டுகளுக்கு உழைக்கும். குழல் மாற்றுவதும் தோட்டா வாங்குவதும் எளிதில்லாத நாட்டில் இந்த எண்களே முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எஃகின் தாங்குதிறன்

இலக்குத் தகடு சாதாரண இரும்பு கிடையாது. பிரினெல் அளவில் 500 அளவுக்குக் கடினமாக்கிய எஃகு. சாதாரண இரும்புத் தகட்டில் ரைஃபிள் குண்டு குழி பறிக்கும். அடுத்த குண்டு அந்தக் குழியில் பட்டால் சிதறல் சுட்டவர் பக்கமே திரும்பும். கடினமான, வழவழப்பான தகட்டில் குண்டு தூளாகி ஓரமாகத் தெறிக்கும். தகட்டின் மேல்பகுதியை முன்னோக்கிச் சாய்த்துத் தொங்கவிட்டால் அந்தத் தூள் தரையை நோக்கிப் போகும்.

எஃகைக் கெடுப்பது குண்டின் எடையைவிட வேகம்தான். விநாடிக்கு 900 மீட்டருக்கு மேலான வேகத்தில் பட்டால் நல்ல தகட்டிலும் குழி விழும். அதனால்தான் ரைஃபிளுக்குக் குறைந்தது 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. எஃகு உள்ளீடு கொண்ட ராணுவக் குண்டுகளைத் தகட்டில் சுடவே கூடாது. பிரெசிஷன் ரைஃபிள் சீரிஸ் போட்டியிலும் .30 அளவுக்கு மேற்பட்ட குண்டுக்கும், விநாடிக்கு 3,200 அடிக்கு மேலான வேகத்துக்கும் இடமில்லை. இந்த விளையாட்டை வளர்த்தவர்களே வலுவுக்கு வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

காவிரிக்கரை வெயில்

புத்தகங்களில் உள்ள அட்டவணைகள் பெரும்பாலும் 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டவை. திருச்சி மாவட்டத்து முசிறியில் சித்திரை மாதத்து வெயில் 40-ஐத் தொடும். அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்பது சதவீதம் குறையும். குண்டு வேகத்தை மெதுவாக இழக்கும், மேலே படும். மருந்தும் சூட்டில் வேகமாக எரியும். பல மருந்துகளில் ஒரு டிகிரிக்கு விநாடிக்கு அரை மீட்டர் அளவில் வேகம் கூடும். விடியற்காலைக் குளிர்ச்சியில் ஒரு தோட்டாவையும், பூட்டிய காருக்குள் 50 டிகிரியில் கிடந்த ஒரு தோட்டாவையும் அடுத்தடுத்துச் சுட்டால், இந்த ஒரு காரணத்தாலேயே .308 குண்டு 900 மீட்டரில் முப்பது செ.மீ. அளவுக்கு மேலே போகும். தோட்டாவை நிழலில் வைப்பதும், சூட்டில் அதிகம் மாறாத மருந்தைத் தேர்வதும் நம் ஊருக்கு அவசியம்.

அடுத்தது கானல். காலை ஒன்பது மணிக்கே ஆற்று மணலும் கரம்பும் அலையலையாக ஆடத் தொடங்கும். ஸ்கோப்பில் தகடு நீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். அனுபவசாலிகள் இந்தக் கானலையே காற்றுமானியாகப் பயன்படுத்துகிறார்கள்: நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை அல்லது பார்வைக்கோட்டிலேயே வீசுகிறது, சாய்ந்து ஓடினால் பக்கக் காற்று.

பிறகு ஆடிக்காற்று. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கரூர், குளித்தலை, முசிறி என்று காவிரியை ஒட்டியே கிழக்கே அடிக்கும். முசிறிப் பக்கம் பாய்க்காக வளர்க்கும் கோரை அத்தனையும் ஒரே திசையில் படுத்திருக்கும். தொட்டியத்து வாழை இலைகள் நார்நாராகக் கிழியும். இந்த நிலப்பரப்பில் தெற்கு வடக்காகச் சுடுபவருக்கு அந்தக் காற்று முழுப் பக்கக் காற்று. முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையே காவிரியின் அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். பாலத்தில் நின்று அக்கரையைப் பார்ப்பவர்களுக்கு 1000 மீட்டர் என்றால் என்ன தூரம் என்று விளங்கும். நடு ஆற்றில் திறந்தவெளிக் காற்று, கரையில் தென்னந்தோப்பு மறைத்த காற்று, இரண்டுக்கும் நடுவே சுழல். குண்டு இவை அத்தனையையும் கடக்க வேண்டும். எந்தத் தோட்டாவும் இந்தப் படிப்பிலிருந்து விலக்குத் தராது.

சட்டம் திறக்கும் கதவுகள்

நம் நாட்டில் தோட்டாவின் வரலாற்றைச் சட்டமே எழுதியிருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடை வந்தது. துப்பாக்கி செய்பவர்கள் ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் இன்றுவரை நம் உரிமக்காரர்களிடம் இருக்கும் .315. கனமான மழுங்கிய குண்டு, நிதானமான வேகம். அருகில் நன்றாகச் சுடும். நூற்றைம்பது, இருநூறு மீட்டருக்கு மேல் எஃகுப் போட்டிக்கு இதை எடுப்பது வீண்.

1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளிலும் அந்த எண்ணமே தொடர்ந்தது: .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையில் சேர்ந்தன. .308-இன் அறையில் 7.62×51 நுழையும் என்பதால், உலகமே தொடக்கக்காரருக்குப் பரிந்துரைக்கும் தோட்டா இங்கே சாதாரண உரிமக்காரருக்கு எட்டாது. 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த .30-06 இங்கே தடையில்லாத வகை. இச்சாப்பூர் தொழிற்சாலை அதற்கு விளையாட்டு ரைஃபிளும் செய்தது. குண்டின் பருமன் .308-க்குச் சமம், வலுவில் சற்றே மேல். நெடுந்தூரத்தை விரும்பும் சாதாரண உரிமக்காரருக்கு இருக்கும் உண்மையான வழி இதுதான். 6.5 கிரீட்மோர் போன்றவற்றுக்கு இறக்குமதி வேண்டும். அந்தச் சலுகை தேசிய ரைஃபிள் சங்கத்தின் தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கே கிடைக்கிறது.

தளங்களும் குறைவு. திருச்சி கே.கே. நகர் ஆயுதப்படை மைதானப் பகுதியில் உள்ள ரைஃபிள் கிளப்பில் 2022 ஜூலையில் மாநில அளவிலான போட்டி நடந்தது. நடிகர் அஜித் குமார் கலந்துகொண்டதால் ஊரே திரண்டது. அந்தப் போட்டிகள் 10, 25, 50 மீட்டர்களில் நடப்பவை. 300 மீட்டர் ரைஃபிள் 1972-க்குப் பின் ஒலிம்பிக்கில் இல்லை. இந்தியாவில் அதைப் பெரும்பாலும் ராணுவ வீரர்களே ராணுவத் தளங்களில் சுடுகிறார்கள்.

குண்டு எங்கே போய் நிற்கும்

எல்லாக் கேள்விகளுக்கும் மேலான கேள்வி இது. .22 குண்டு ஏறத்தாழ 1.5 கி.மீ.வரை போகும். 5.56 மி.மீ. ராணுவக் குண்டு 3.6 கி.மீ. அளவுக்கும், 7.62×51 அதற்குச் சற்று மேலும் போகும். பி.சி. கூடிய போட்டிக் குண்டுகளும் .338-உம் இன்னும் தொலைவு போகும். காற்றை நன்றாகக் கிழிக்கும் குண்டு என்று நாம் புகழ்வதன் மறுபக்கம், தவறினால் அது வெகுதூரம் போகும் என்பதே.

இதை ஏட்டறிவாக எழுத எனக்கு மனம் வரவில்லை. திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டித் தளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று மத்திய தொழில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தது. தளத்துக்கு வெளியே, ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். பயிற்சி பெற்றவர்கள் சுட்ட, மலையடிவாரத் தளத்திலேயே இது நடந்தது.

முசிறியைச் சுற்றி வயலும் தோப்பும் ஊரும் அடுத்தடுத்து இருக்கின்றன. தரை சமதளம். பச்சமலையும் கொல்லிமலையும் வடக்கே தள்ளி நிற்கின்றன. குண்டைத் தடுக்க உயர்ந்த மண்மேடு இல்லாத இடத்தில் எந்த ரைஃபிள் தோட்டாவுக்கும் இடமில்லை. மணப்பாறை அருகே ஆணையாப்பட்டி வீரமலைப்பாளையத்தில் பயிற்சி நடக்கும்போதெல்லாம் மாவட்ட நிர்வாகம் மக்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை விடுப்பது குண்டு வெகுதூரம் போகும் என்பதால்தான்.

தேர்வின் வரிசை

ஆகவே நம் பகுதியில் ஒருவர் தோட்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வரிசை இது. தகட்டுக்குப் பின்னால் குண்டை நிறுத்த என்ன இருக்கிறது? உரிமத்தில் எது வரும், தோட்டா தொடர்ந்து கிடைக்குமா? தூரம் எவ்வளவு, தகடு சாய வேண்டுமா ஒலித்தால் போதுமா? ஒரு நாளில் ஐம்பது குண்டு சுட்டாலும் கண் மூடாத உதைப்பா? இவற்றுக்குப் பிறகே பி.சி.யும் வேகமும்.

இந்த வரிசையில் போனால் விடை பெரும்பாலோருக்கு ஒன்றாகவே வரும். அனுமதி பெற்ற தளத்தில், 50 முதல் 200 மீட்டருக்குள், சிறிய தகடுகளில் .22. அதில் காற்றைப் படிக்கத் தேர்ந்தவர், 300 மீட்டர்த் தளம் கிடைக்குமானால் உரிமத்துக்கேற்ப .30-06-க்கோ, சலுகை பெற்றால் 6.5 கிரீட்மோருக்கோ போகலாம். 1000 மீட்டரும் மேக்னங்களும், மலையையே முதுகுச் சுவராகக் கொண்ட தளம் வரும்வரை காத்திருக்கட்டும்.

அத்தகைய தளம் ஒன்றை மாநில அரசு அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துப்பாக்கி செய்யும் ஊரான திருச்சியில், துல்லியமாகச் சுடக் கற்க விரும்பும் இளைஞருக்கு 50 மீட்டரோடு பாதை முடிந்துவிடுகிறது. மலைச்சரிவை ஒட்டி, ஆளில்லா எல்லையை அளந்து, காவல்துறை மேற்பார்வையில் 300 மீட்டர்த் தளம் ஒன்று வந்தால் விளையாட்டும் வளரும், ஒழுங்கும் வளரும். அந்தத் தளத்தின் முதல் விதி, மேட்டைத் தாண்டக்கூடிய எந்தத் தோட்டாவுக்கும் அனுமதி இல்லை என்பதாக இருக்க வேண்டும்.